பைபையில் ஜாங்கோ: டெல்டா உழவர் நிறுவனம் ஒன்றின் கணக்குச் செயலி குறித்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் நெல் விவசாயிகள் பங்குதாரர்களாக இருக்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், தன் கொள்முதல் கணக்கு முழுவதையும் இணையச் செயலி ஒன்றில் வைத்திருக்கிறது. அதை எழுதிப் பராமரிப்பது கும்பகோணத்தில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் குழு: மூத்த நிரலர் ஒருவர், அவரிடம் வேலை பழகிய இளைஞர் ஒருவர், பகுதி நேரமாக சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். நான் அக்குழுவுக்கு வெளியிலிருந்து ஆலோசனை சொன்னவன். செயலியை, பைதான் நிரலை ஓட்டும் இன்டர்பிரெட்டர்களில் ஒன்றான பைபைக்குக் கொண்டுபோக 2023 இறுதியில் தொடங்கிய ஒரு மாற்றத்தையும் அதன் பின்விளைவுகளையும், சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலுடன், பெயர்களை விலக்கி இங்கே பதிவு செய்கிறேன்.

செயலியின் வேலை கேட்பதற்கு எளிது. எடை மேடையில் நெல் இறங்கும்போது 40 கிலோ சிப்பங்களின் எண்ணிக்கையும் ஈரப்பதமும் பதிவாகின்றன. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நிறுவனத்தின் விதிப்படி எடையில் கழிவு உண்டு. விதைக்கும் உரத்துக்கும் கொடுத்த முன்பணம் வட்டியுடன் பிடிக்கப்படுகிறது. நிலம் குத்தகையில் இருந்தால், மீதித் தொகை குத்தகைதாரருக்கும் நிலத்துக்காரருக்கும் ஒப்பந்தப்படி பிரிகிறது. பரப்பளவை விவசாயிகள் மாவிலும் குழியிலும் சொல்கிறார்கள். வங்கியும் அரசுப் படிவமும் ஏக்கரிலும் ஹெக்டேரிலும் கேட்கின்றன. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஓர் ஏக்கர் என்பது பேச்சுவழக்குக்குப் போதும். ஆனால் குழிக்கு 144 சதுர அடி என்று கொண்டால் மூன்று மாவுக்கு 43,200 சதுர அடிதான் வருகிறது, ஏக்கரோ 43,560 சதுர அடி. இப்படிப்பட்ட இடைவெளிகளோடு எண்களைத் தோராயமாக்குவதால் வரும் பிழையும் ரூபாய்க் கணக்கில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகக் குழு எல்லாக் கணக்கீடுகளையும், பதின்ம எண்களைத் துல்லியமாக வைக்கும் பைதானின் டெசிமல் வகையிலேயே எழுதியிருந்தது.

செயலி பைதான் 3.9 மேல், இணையச் செயலிகளைக் கட்டும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 4.2 கொண்டு ஓடியது, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், முன்னால் இணையக் கோரிக்கைகளை வாங்கி ஜாங்கோவிடம் கொடுக்கும் ஜீயூனிகார்ன். எல்லாம் இரண்டு கோர், நான்கு ஜிபி நினைவகம் கொண்ட ஒரே வாடகை சர்வரில் இருந்தன. ஆண்டின் பெரும்பகுதி அந்த சர்வர் சும்மாதான் இருக்கும். பொங்கலையொட்டி சம்பா அறுவடை தொடங்கி, தாளடியும் சேர்ந்துகொண்டு பிப்ரவரி இறுதி வரை நீளும் காலத்தில்தான் அதன் மேல் பாரம் ஏறும்.

2023 ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு புகார்கள் வந்திருந்தன. காலை நேரத்தில் எடை மேடைப் பதிவுப் பக்கம் திறக்கத் தாமதமாகிறது என்பது ஒன்று. பருவ முடிவில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் தமிழில் அச்சாகும் கணக்குத் தாள்களை இரவில் தொடங்கினால் மறுநாள் நண்பகல் வரை முடிவதில்லை, அதுவரை தளம் முழுவதும் தள்ளாடுகிறது என்பது மற்றொன்று. அலுவலகத்துக்கு இரண்டாவதுதான் பெரிய தலைவலி. காலையில் வாசலில் வந்து நிற்கும் விவசாயியிடம் தாள் இன்னும் வரவில்லை என்று சொல்ல வேண்டியவர் கணக்கர்.

## நேரம் எங்கே போயிற்று

குழுவின் இளைஞர் பைபை பற்றிப் படித்திருந்தார். இன்டர்பிரெட்டரை மட்டும் மாற்றினால், ஒரு வரியையும் தொடாமல் எல்லாம் வேகமாகிவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மூத்தவருக்கு அதில் நம்பிக்கை குறைவு. எதை மாற்றுவதானாலும் முதலில் அளந்து பார்க்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஓடிக்கொண்டிருக்கும் பைதான் செயல்முறையை (நிரலின் ஓடும் பிரதியை) நிறுத்தாமல் வெளியிலிருந்தே பார்க்கும் பை-ஸ்பை கருவியைக் கொண்டு, முந்தைய பருவத் தரவின் நகலை வைத்து இரு வேலைகளையும் தனித்தனியே அளந்தனர்.

எடை மேடைப் பக்கத்தில் பைதானின் பங்கு சொற்பம். செயல்முறை பெரும்பாலும் தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பங்குதாரர் பெயரையும் ஊரையும் தனித்தனி வினவலாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது நிரல். ஜாங்கோவில் இவற்றை ஒரே வினவலில் கொண்டுவரும் செலக்ட்-ரிலேட்டட் சேர்த்து, தரவுத்தளம் விரைவாகத் தேடத் தேதியும் மையமும் சேர்ந்த ஓர் இன்டெக்ஸ் போட்டதும் அந்தப் புகார் தீர்ந்தது. இதற்கும் இன்டர்பிரெட்டருக்கும் தொடர்பே இல்லை.

கணக்குத் தாள் வேலை வேறு மாதிரி. தாள்களை உருவாக்க வீசிப்பிரின்ட் பயன்பட்டது. எச்டிஎம்எல் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கும் இந்த நூலகம், எழுத்துகளை வடிவமைக்கும் பொறுப்பைப் பாங்கோ என்னும் வேறொரு நூலகத்திடம் விட்டுவிடுவதால், கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழ் ஒழுங்காக வருகிறது. குழு அதைத் தேர்ந்தெடுத்த காரணமும் அதுவே. ஆனால் பக்கத்தில் எது எங்கே விழ வேண்டும், அட்டவணையின் எந்த நெடுவரிசை எவ்வளவு அகலம் பெற வேண்டும் என்ற கணக்கீடு அனைத்தையும் வீசிப்பிரின்ட் பைதானிலேயே செய்கிறது, நீளமான அட்டவணைகளில் அது மிகவும் மெதுவாகிறது. ஒவ்வொரு பங்குதாரரின் தாளிலும் அட்டவணைகள்தான் இருந்தன. நேரத்தின் பெரும்பகுதி அங்கே போயிற்று. அடுத்த பங்கு கழிவு, வட்டி, குத்தகைப் பிரிவினைக் கணக்குக்கு. தரவுத்தளத்தின் பங்கு மிகக் குறைவு.

ஆக, ஒரே செயலிக்குள் இரு வேறு இயல்புள்ள வேலைகள் இருந்தன. முழுக்கப் பைதானுக்குள்ளேயே நெடுநேரம் சுற்றும் வேலை ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகே இன்டர்பிரெட்டர் பற்றிய பேச்சுக்குப் பொருள் வந்தது.

## எந்த இன்டர்பிரெட்டர்

வழக்கமாக நாம் பைதான் என்று அழைப்பது சி மொழியில் எழுதப்பட்ட சிபைதானை. ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடும் ஜைதானைப் பற்றியும் ஒரு முறை பேசினார்கள்; ஆனால் அது பைதான் 2.7 வரிசையிலேயே நின்றுவிட்டது, ஜாங்கோவோ 2017 டிசம்பரில் வெளியான 2.0 பதிப்பிலேயே 2.7க்கான ஆதரவை நிறுத்திவிட்டது என்பதால், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

எஞ்சியது பைபை. பைதானின் ஒரு வரையறுக்கப்பட்ட வடிவமான ஆர்பைதானில் எழுதப்பட்ட இன்டர்பிரெட்டர் அது. 2010இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் தொகுப்பியுடன் வெளியாகிறது. ஒரு சுற்று மீண்டும் மீண்டும் ஓடுவதை அது கவனிக்கிறது. இயல்பான அமைப்பில் ஆயிரத்துச் சொச்சம் முறை ஓடிய பிறகு அந்தச் சுற்றின் பாதையைப் பதிவு செய்து, அதற்கென்றே இயந்திர நிரலை உண்டாக்கிக்கொள்கிறது. அதுவரை அது சாதாரண இன்டர்பிரெட்டர்தான், பல சமயம் சிபைதானைவிட மெதுவானதும்கூட. ஜாங்கோவின் ஆவணங்களும் செயல்திறன் பற்றிய பகுதியில் பைபையைக் குறிப்பிட்டு, ஜாங்கோ அதனுடன் ஒத்துப்போகும், ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் மற்ற நூலகங்களை நீங்களே சரிபார்க்க வேண்டும் என்று சொல்கின்றன.

சரிபார்க்க வேண்டிய பட்டியல் சிறியதுதான், அதில் ஒன்றே ஒன்று இடறியது. தரவுத்தளத்துடன் பேசும் சைக்கோபிஜி2, சிபைதானின் உள்ளமைப்பை நம்பி சி மொழியில் எழுதப்பட்ட நூலகம். அதைப் பைபைக்காக, பைதானிலிருந்து சி நிரலை அழைக்க உதவும் சிஎஃப்எஃப்ஐ கொண்டு மாற்றி எழுதிய வடிவமும் உண்டு. ஆனால் ஜாங்கோ 4.2 முதல் சைக்கோபிஜியின் மூன்றாம் பதிப்புக்கு ஆதரவு இருப்பதாலும், அந்தப் பதிப்பு சி நிரல் இல்லாமல் தூய பைதானாகவே ஓடக்கூடியது என்பதாலும், குழு மூன்றாம் பதிப்புக்கே மாறியது. வீசிப்பிரின்ட் பாங்கோவை சிஎஃப்எஃப்ஐ வழியாகத்தான் அழைக்கிறது. சிஎஃப்எஃப்ஐ பைபை உருவாக்குநர்களிடமிருந்தே வந்தது என்பதால் அங்கே சிக்கல் வரவில்லை.

2023 ஜூனில் வெளியான பைபை 7.3.12, பைதான் 3.10 வடிவத்தையும் கொண்டிருந்தது. சிபைதானில் 3.10 வந்தது 2021 அக்டோபரில். இந்த இடைவெளியை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

## முதல் சோதனை: முழுத் தளமும் பைபையில்

2023 நவம்பரில், சோதனைக்கென்று தனியாக எடுத்த ஒரு சர்வரில், நகல் தரவுடன் முழுச் செயலியையும் பைபையில் ஏற்றினார்கள். ஜாங்கோ எந்தத் தகராறும் செய்யாமல் எழுந்து நின்றது. நிர்வாகப் பக்கம், உள்நுழைவு, பதிவுப் படிவங்கள் எல்லாம் சரியாக இயங்கின. உடைந்தது ஓரிடத்தில் மட்டும்: நினைவகப் பயன்பாட்டைக் குறித்துவைக்க யாரோ எழுதியிருந்த ஒரு வரி, ஒரு பொருளின் அளவைக் கேட்கும் கெட்சைஸ்ஆஃப் செயற்கூறை அழைத்தது. பைபையில் அது பிழையையே திருப்பும். அந்த வரியை நீக்கிவிட்டார்கள்.

வேகம் குறித்த முடிவு கலவையானது. எடை மேடைப் பக்கத்தில் ஆதாயமே இல்லை. சில பக்கங்கள் முன்பைவிடச் சற்றுத் தாமதமாகவே வந்தன. தரவுத்தளத்துக்குக் காத்திருக்கும் நேரத்தை எந்த ஜிட் தொகுப்பியாலும் குறைக்க முடியாது; அதற்கு மேல், சி நிரலில் ஓடிக்கொண்டிருந்த தரவுத்தள நூலகம் இப்போது தூய பைதானாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு செயல்முறையும் எடுத்துக்கொண்ட நினைவகம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. நான்கு ஜிபி சர்வரில் இது சிறிய விஷயமல்ல.

இன்னொன்றைக் கண்டுபிடிக்கச் சிறிது காலம் பிடித்தது. பக்கங்கள் கொஞ்ச நேரம் சுறுசுறுப்பாக வந்துகொண்டிருந்துவிட்டு, திடீரென்று மந்தமாகி, மீண்டும் சுறுசுறுப்பாயின. காரணம் ஜீயூனிகார்ன் அமைப்புக் கோப்பில் இருந்தது. பழைய நினைவகக் கசிவு (எடுத்த நினைவகம் திரும்பாமல் பெருகிக்கொண்டே போவது) ஒன்றைச் சமாளிக்க, ஒவ்வொரு செயல்முறையும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கோரிக்கைகளைப் பார்த்ததும் தானாக மடிந்து புதிதாகப் பிறக்கும்படி மேக்ஸ்-ரிக்வெஸ்ட்ஸ் அமைக்கப்பட்டிருந்தது. சிபைதானில் இது தீங்கற்ற ஏற்பாடு. பைபையில், ஜிட் தொகுப்பி பாடுபட்டு உண்டாக்கிய இயந்திர நிரல் முழுவதும் அந்தச் செயல்முறையோடு அழிந்து, புதியது மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. சூடேறுவதற்குள் அணைத்துவிடும் அடுப்பில் உலை எப்படிக் கொதிக்கும்? அந்த அமைப்பை நீக்கியபோது வேகம் நிலைத்தது, ஆனால் பழைய கசிவு திரும்பி வந்தது.

செயலியின் சோதனைத் தொகுப்பும் பைபையில் மெதுவாகவே ஓடியது. சிறு சிறு சோதனைகள் ஒவ்வொன்றும் ஒரு முறை ஓடி முடிவதால், எந்தச் சுற்றும் ஜிட் தொகுப்பியின் கவனத்துக்கு வருமளவு மீண்டும் ஓடுவதில்லை.

கணக்குத் தாள் வேலையோ, எதிர்பார்த்ததையும் தாண்டியது. முதல் சில தாள்கள் சிபைதானைவிடத் தாமதமாக வந்தன. ஓர் ஊரின் தாள்கள் முடிவதற்குள் வேகம் பிடித்துக்கொண்டது. சூடேறிய பிறகு ஒரு தாளுக்கு ஆன நேரம் முன்பு ஆனதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. வேகமாகாத ஒரே பகுதி டெசிமல் கணக்கு. சிபைதானில் 3.3 பதிப்பிலிருந்தே டெசிமல் சி மொழியில் இயங்குகிறது. பைபையும் அதே சி நூலகத்தைத்தான் சிஎஃப்எஃப்ஐ வழியாக அழைக்கிறது. அதற்குள் ஜிட் தொகுப்பியால் எட்டிப் பார்க்க முடியாது. பைசா வரை பிசகக் கூடாத கணக்கை, வேகமானாலும் பதின்மங்களைத் தோராயமாகவே வைக்கும் மிதவை எண்களுக்கு மாற்றலாமா என்று இளைஞர் கேட்டார். மூத்தவர் அதை மறுத்தார். அந்த மறுப்பை நான் முழுமையாக ஆதரித்தேன். வேகத்துக்காக ஒரு விவசாயியின் தொகையில் ஐயத்தை நுழைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

## பாதியில் நின்ற வங்கிக் கோப்பு

இந்தச் சோதனையில் நடந்தவற்றில் எல்லோரும் அறிய வேண்டியது என்று நான் கருதுவது இதைத்தான்.

தொகைகளை வங்கிக்கு அனுப்ப, செயலி ஒரு சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைப் பட்டியலை) உண்டாக்குகிறது. வரிக்கு ஒரு பங்குதாரர்: கணக்கு எண், கிளைக் குறியீடு, பெயர், தொகை. சோதனை சர்வரில் உண்டான கோப்பை நிறுவனத்தின் கணக்கரிடம் கொடுத்து, பழைய பருவத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவர் முப்பது ஆண்டுகளாகக் கூட்டுறவுக் கணக்குப் பார்த்தவர். திரையை நம்பாமல் அச்சிட்டு, சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, கூட்டுத்தொகை ஒதைக்கிதுப்பா. கடைசியில ஒரு பக்கத்து ஆளுங்களயே காணும். கடைசி வரியில இருக்கிறவருக்கு நூத்தி எம்பத்தி நாலு ரூபான்னு போட்டிருக்கு, அவரு அவ்வளவு கொறச்சலா நெல்லு போட்டவரு இல்லியே.”

அந்தப் பங்குதாரருக்கு உரிய தொகை பதினெட்டாயிரத்துச் சொச்சம். கோப்பு அந்த எண்ணின் மூன்றாம் இலக்கத்தோடு அறுபட்டிருந்தது. அறுபட்ட எண்ணும் பார்ப்பதற்கு ஒரு முழுமையான தொகை போலவே நின்றதுதான் இதில் உள்ள ஆபத்து. வரிகள் மட்டும் காணாமற்போயிருந்தால் வங்கியின் சரிபார்ப்பு எங்காவது தடுத்திருக்கலாம். ஒழுங்கான வடிவில் உள்ள தவறான தொகையை எந்த மென்பொருளும் தடுக்காது.

நிரலில் எழுதும் பகுதி சில வரிகள்தான். கோப்பு திறக்கப்படுகிறது, சுற்றில் வரிகள் எழுதப்படுகின்றன, செயற்கூறு முடிகிறது. கோப்பை மூடும் வரி இல்லை. சிபைதானில் இது பல ஆண்டுகளாகப் பிசகாமல் ஓடியது. அங்கே ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை உடனுக்குடன் பராமரிக்கப்படுகிறது; செயற்கூறு முடிந்ததும் கோப்பைப் பிடித்திருப்பவர் எவருமில்லை என்றாகி, அந்தக் கணமே கோப்பு மூடப்பட்டு, வட்டுக்குப் போகுமுன் தரவு தங்கும் நினைவகப் பகுதியான பஃபரில் மீதி இருப்பது வட்டுக்குப் போய்விடும். பைபை அந்த எண்ணிக்கையை வைத்திருப்பதில்லை. நினைவகத்தைத் துப்புரவு செய்யும் சுற்று எப்போது வருகிறதோ அப்போதுதான் அநாதையான கோப்பு மூடப்படும். அதுவரை கடைசி 8 கிலோபைட் அளவுக்கு உட்பட்ட மீதி, பஃபரிலேயே தங்கிவிடும். செயலி அதற்குள் அந்தக் கோப்பை எடுத்து மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிட்டது.

பைபையின் ஆவணங்களில் சிபைதானுடன் உள்ள வேறுபாடுகளைச் சொல்லும் பகுதியில் இது வெளிப்படையாக இருக்கிறது. இது பைபையின் பிழையும் அல்ல. கோப்பு எப்போது தானாக மூடப்படும் என்று பைதான் மொழி எங்கும் உறுதி கொடுக்கவில்லை. சிபைதானின் ஒரு பழக்கத்தை மொழியின் விதியாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட நிரல் அது. இப்படிப்பட்ட நிரல் எல்லா இடங்களிலும் இருக்கிறது, இனியும் இருக்கும்.

பைபையில் டிராக்-ரிசோர்சஸ் என்னும் அமைப்புடன் ஓட்டினால், மூடாமல் விடப்பட்ட கோப்புகளையும் சாக்கெட்டுகளையும் (வலைத் தொடர்புகளையும்) எந்த வரியில் திறந்தது என்பதோடு எச்சரிக்கும். அப்படி ஓட்டியபோது வேறு சில இடங்களும் தெரியவந்தன. தாளின் முகப்பில் வரும் சின்னத்தை ஒவ்வொரு தாளுக்கும் திறந்து மூடாமல் விட்ட வரி அதில் ஒன்று. நெடுநேரம் ஓடினால், ஒரு செயல்முறை திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளின் உச்சவரம்பை அது என்றாவது முட்டியிருக்கும். எல்லா இடங்களிலும், வேலை முடிந்ததும் கோப்பைத் தானே மூடிவிடும் வித் கட்டளைக்குள் கோப்பைத் திறக்கும்படி மாற்றினார்கள். வங்கிக் கோப்புக்கு மட்டும் கூடுதலாக ஓர் ஏற்பாடு: கோப்பு முதலில் தற்காலிகப் பெயரில் எழுதப்படும், கடைசி வரியில் மொத்த எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் இருக்கும், மீண்டும் திறந்து படித்து அவை ஒத்துப்போனால்தான் உரிய பெயர் கிடைக்கும்.

## எடுத்த முடிவு

இளைஞர் முழுத் தளத்தையும் பைபையில் வைக்கலாம், சர்வரில் நினைவகத்தைக் கூட்டலாம் என்றார். மூத்தவர், கோப்பு விவகாரத்துக்குப் பிறகு, பைபையே வேண்டாம் என்றார். சிபைதான் 3.11க்கு மாறினாலே போதுமே என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பலமிருந்தது: 2022 அக்டோபரில் வந்த 3.11, தரமான அளவீட்டுத் தொகுப்பில் 3.10ஐவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகம் கூடியது என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. குழு அதுவரை பைபையை ஒப்பிட்டுவந்தது பழைய 3.9 உடன். 3.11இல் அளந்தபோது தாள் வேலையில் வித்தியாசம் குறைந்தது. ஆயினும் பைபையின் முன்னிலை தெளிவாகவே இருந்தது.

2023 டிசம்பரில் தளத்தையும் தாள் வேலையையும் பிரிப்பது என்று முடிவாயிற்று. இணையத் தளம் சிபைதான் 3.11இல், முன்பு போல் ஜீயூனிகார்ன் வழியாக ஓடும். கணக்குத் தாள் வேலை, ஜாங்கோவின் மேலாண்மைக் கட்டளை ஒன்றாக (இணையப் பக்கம் வழியாக அல்லாமல் சர்வரிலேயே நேராக ஓட்டும் கட்டளை), பைபையில், தனக்கென்று நூலகங்களை வைத்திருக்கும் தனி மெய்நிகர் சூழலில் ஓடும். இரண்டும் ஒரே நிரல் கிடங்கிலிருந்து வரும், ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்தும். தளத்தில் பொத்தானை அழுத்தினால் தரவுத்தளத்தில் ஒரு வேலைக் குறிப்பு விழும். இரவில் பைபை செயல்முறை எழுந்து அக்குறிப்புகளை எடுத்து, ஊர் வாரியாகத் தாள்களை உண்டாக்கும். தாளுக்கு ஒரு செயல்முறை என்று பிரிக்காமல், இரவு முழுவதும் ஒரே செயல்முறை உயிரோடு இருக்கும்படி வைத்தார்கள், சூடு ஆறக் கூடாது என்பதற்காக. அதன் நினைவகத்துக்கு உச்சவரம்பு வைத்து, தளத்தைப் பாதிக்காதபடி சிபியு முன்னுரிமையும் குறைத்தார்கள்.

இரு இன்டர்பிரெட்டர்களைப் பராமரிப்பது மூன்று பேர் கொண்ட குழுவுக்குச் சுமைதான். நான் அதை எடுத்துச் சொன்னேன். ஆனால் முழுத் தளத்தையும் மாற்றுவதோடு ஒப்பிட்டால், கெட்டாலும் மறுநாள் சிபைதானில் ஓட்டிக்கொள்ளக்கூடிய ஓர் இரவு வேலையில் மட்டும் புதியதைப் புகுத்துவது பாதுகாப்பான வழி. வங்கிக் கோப்பு உருவாக்கம் தளத்தோடு சிபைதானிலேயே நின்றது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவுமில்லை. கணக்கர் அப்படிக் கேட்டார், அவ்வளவுதான்.

## அறுவடைப் பருவம்

2023 அக்டோபரில் மேட்டூர் அணை பாசனத்துக்கு மூடப்பட்டதால், அந்த ஆண்டு சம்பா டெல்டா முழுவதும் நெருக்கடியில் இருந்தது. நிறுவனத்துக்கு வந்த நெல்லும் முந்தைய பருவத்தைவிடக் குறைவு. ஆகவே மொத்த நேரத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது ஏமாற்றும் என்று, ஒரு தாளுக்கான நேரத்தை மட்டுமே குழு குறித்துவைத்தது. இதை அவர்கள் தாமாகவே யோசித்தது பாராட்டுக்குரியது.

2024 பிப்ரவரியில் தாள் வேலை இரவில் தொடங்கி விடியுமுன் முடிந்தது. காலையில் எடை மேடைப் பதிவு தடையின்றி நடந்தது. ஓர் இரவு மட்டும் பைபை செயல்முறை நினைவக வரம்பை முட்டி நின்றது. ஓர் ஊருக்கான தாள்கள் அனைத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கும் பழைய பகுதிதான் காரணம். பெரிய ஊர்களைத் தெரு வாரியாகப் பிரித்ததும் அது நின்றது. அப்போது இன்னொரு குறையும் தெரிந்தது: பை-ஸ்பை சிபைதானை மட்டுமே பார்க்கும் கருவி, ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் பைபை செயல்முறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழகிய கண் இல்லாமல் போயிற்று. செயல்முறை தானே எழுதிவைக்கும் பதிவேட்டு வரிகளை அதிகமாக்கியே சமாளித்தார்கள்.

2024இல் அணை ஜூலை இறுதியில்தான் திறந்தது. குறுவை பெரிதாக இல்லாத அந்த இடைவெளியில், இரு இன்டர்பிரெட்டர்களிலும் சோதனைத் தொகுப்பு தானாக ஓடும்படி அமைத்தார்கள். அதன் பின் வந்த சம்பாப் பருவம் இந்த ஏற்பாட்டில் சலசலப்பின்றிக் கழிந்தது.

## பதிப்பு இடைவெளி

நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஜாங்கோ 4.2க்கான பாதுகாப்பு ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான் என்பதால், 2025இல் 5.2க்கு ஏறினார்கள். 5.2க்கு பைதான் 3.10 போதும், பைபையும் 2025 பிப்ரவரியில் 7.3.18 வழியாக 3.11 வடிவத்தைத் தந்திருந்தது. அதுவரை தொல்லையில்லை. 2025 டிசம்பரில் வந்த ஜாங்கோ 6.0க்கோ குறைந்தது பைதான் 3.12 வேண்டும். பைபை 3.11இல் நிற்கிறது.

5.2 நீட்டித்த ஆதரவுப் பதிப்பு. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஏப்ரல் வரை வரும். ஆகவே இன்று எதுவும் உடையவில்லை. ஆனால் இரவில் ஓடும் ஒரு கட்டளைக்காக, பகலில் வெளியுலகுக்குத் திறந்திருக்கும் தளம் முழுவதும் புதிய பதிப்புக்குப் போக முடியாமல் கட்டுண்டு கிடப்பது தலைகீழான நிலை. தன்னார்வலர்களின் உழைப்பில் பெரிதும் நடக்கும் ஒரு திட்டம் சிபைதானின் ஆண்டுதோறும் வரும் பதிப்புகளுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஈடுகொடுக்கும் என்று நம்பித் திட்டமிடுவது அதைவிடத் தவறு. 3.10 சிபைதானில் வந்ததற்கும் பைபையில் வந்ததற்கும் இடையே கிடந்த காலத்தை 2023லேயே ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால், இந்த நாள் வரும் என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

மீண்டும் தொடங்கினால், கோப்பை மூடாத வரிகளை பைபைக்குப் போகும் முன்பே தேட வேண்டும். சிபைதானும் எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டு ஓட்டினால் மூடாத கோப்பு ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும். சோதனைத் தொகுப்பை ஒரு முறை அப்படி ஓட்டியிருந்தாலே வங்கிக் கோப்பின் வரி அகப்பட்டிருக்கும். ஒப்பிடுவதும் புதிய சிபைதானோடு முதலிலிருந்தே நடந்திருக்க வேண்டும். பழைய 3.9 உடன் ஒப்பிட்ட எண்கள் இளைஞரின் உற்சாகத்தை அளவுக்கு மீறி வளர்த்தன, மூத்தவரின் ஐயத்தையும் அதே அளவுக்கு.

இவற்றைவிடப் பெரிய மாற்றம், தாள் வேலையை ஜாங்கோவின் மேலாண்மைக் கட்டளையாக எழுதியதில் வேண்டும். அந்த வேலைக்கு ஜாங்கோவிடமிருந்து உண்மையில் தேவைப்பட்டவை தரவுத்தளத்தைப் படிக்கும் மாதிரிகளும் வார்ப்புரு வசதியும் மட்டுமே. அவற்றுக்காக முழு ஃபிரேம்வொர்க்கையும் பைபைக்குள் இழுத்து வந்ததால்தான் இரண்டின் பதிப்புகளும் ஒன்றோடொன்று பிணைந்தன. இப்போது குழு அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. கழிவு, வட்டி, குத்தகைப் பிரிவினை, மா-ஏக்கர் மாற்றம் ஆகிய கணக்குகள் ஜாங்கோவை எங்கும் இறக்குமதி செய்யாத தனித் தொகுதிக்குப் போய்விட்டன; இரு இன்டர்பிரெட்டர்களிலும் அதற்கான சோதனைகள் ஓடுகின்றன. தளம் ஒவ்வொரு பங்குதாரருக்குமான எண்களை, எந்த நிரலும் படிக்கக்கூடிய ஜேசன் என்னும் உரை வடிவில் எழுதி வைக்கும், பைபை அதைப் படித்துத் தாளாக்கும். குத்தகை ஒப்பந்தங்களைப் படிக்கும் பகுதி மட்டும் இன்னும் ஜாங்கோ மாதிரிகளை நேராக அழைக்கிறது. அது முடிந்ததும் தளம் 6.0 வரிசைக்கு ஏறும். பைபை செயல்முறை 3.11இலேயே இருக்கும்.